இயந்திரம் ஒன்றுதான், எண் ஏன் மூன்று?

கேள்வி: நான் தாவர வேதியியலில் ஆய்வு மாணவி. நிலவேம்புப் பொடியில் அதன் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு எவ்வளவு இருக்கிறது என்று எச்.பி.எல்.சி.யில் (கரைசலில் கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் இயந்திரம்) அளந்தேன். ஒரே பாக்கெட்டிலிருந்து மூன்று வெவ்வேறு நாள்களில் 1 கிராம் பொடி எடுத்து, 50 மி.லி. மெத்தனாலில் போட்டு, அரை மணி நேரம் சோனிகேட்டரில் (ஒலி அதிர்வால் சாறு இறக்கும் தொட்டி) வைத்து, வடிகட்டி, அப்படியே செலுத்தினேன். 1.9, 1.2, 1.6 சதவீதம் என்று வருகிறது. ஒரே குப்பியை ஐந்து தடவை செலுத்திப் பார்த்தேன். பீக்கின் (வரைபடத்தில் அந்தப் பொருளுக்கு எழும் மேடு) பரப்பு ஒரு சதவீதம்கூட மாறவில்லை. ஒரு மி.லி.க்கு 10 முதல் 200 மைக்ரோகிராம் வரை ஸ்டாண்டர்ட் கோடு (அளவு தெரிந்த தூய பொருளை வைத்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) போட்டதில் ஆர் ஸ்கொயர் (புள்ளிகள் கோட்டோடு ஒட்டும் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.9992. நெறியாளர் மூன்றையும் சராசரி எடுத்து 1.57 என்று எழுதச் சொல்கிறார். எழுதலாமா? இன்னொரு கேள்வி: ஆறு மாதம் ஆன பழைய பொடியில் ஆண்ட்ரோகிராஃபோலைடு பீக் சுருங்கிவிட்டது. அதற்குப் பின்னால் வரும் ஒரு சின்ன பீக் வளர்ந்திருக்கிறது. அது என்ன?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சராசரியை இப்போதைக்கு எழுதாதீர்கள். உங்கள் நெறியாளர் சொன்னது தவறான வழி என்று சொல்ல வரவில்லை. சராசரி எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் மூன்று எண்களுக்கும் ஆர்.எஸ்.டி., அதாவது சராசரியில் எத்தனை சதவீதம் விலகல் என்று, கணக்குப் போட்டால் 22 சதவீதம் வருகிறது. குப்பியிலிருந்து திரும்பத் திரும்பச் செலுத்தும்போது வரும் வித்தியாசமோ ஒரு சதவீதத்துக்கும் கீழே. அப்படியானால் மீதி வித்தியாசம் முழுவதும் குப்பிக்குள் திரவம் போவதற்கு முன்பே நுழைந்திருக்கிறது. எந்த இடத்தில் நுழைந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் உங்கள் ஆய்வு நிற்கும். கண்டுபிடிக்காமல் சராசரி எடுத்தால், நான்காவது நாள் இன்னொரு எண் வரும்.

எச்.பி.எல்.சி. அளப்பது செடியை அல்ல, பொடியையும் அல்ல. குப்பியில் இருக்கும் திரவத்தில் 20 மைக்ரோலிட்டரை மட்டுமே அது பார்க்கிறது. அந்தத் துளியிலிருந்து பொடிக்கும், பொடியிலிருந்து செடிக்கும் பின்னோக்கிப் போகும் கணக்கு முழுக்க நம்முடையது. பாக்கெட்டில் 100 கிராம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1 கிராம், அந்த 1 கிராமின் 50 மி.லி. சாறு, அந்தச் சாற்றில் 20 மைக்ரோலிட்டர். கடைசியாகத் தூணுக்குள், அதாவது பொருள்களைப் பிரிக்கும் குழாய்க்குள், போவது பாக்கெட்டின் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. (ஆய்வகத்தில் எல்லோரும் காலம் என்றுதான் சொல்வோம், எழுதும்போது நேரத்தோடு குழம்பிவிடும் என்பதால் தூண் என்றே எழுதுகிறேன்.) இந்த இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு முழுப் பாக்கெட்டுக்காகப் பேச வேண்டுமென்றால், ஒவ்வொரு படியிலும் பிரித்தது நியாயமாகப் பிரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் உறுத்தியது பொடி எடுத்த ஸ்பேச்சுலாதான், அந்தச் சின்னக் கரண்டி. நிலவேம்பில் ஆண்ட்ரோகிராஃபோலைடு இலையில்தான் அதிகம். தண்டில் அதைவிட மிகக் குறைவு. இலை நொறுங்கும் சுபாவம் கொண்டது. அரைத்தால் மாவாகிவிடும். தண்டு நார் நாராக நிற்கும். இரண்டும் கலந்த பொடியைப் பாக்கெட்டில் வைத்து நாலு தடவை தூக்கி இறக்கினாலே போதும், மாவு நார்களின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடும். மேலே நிற்பது தண்டு, அடியில் கிடப்பது இலை. பிறகு மேலிருந்து 1 கிராம் எடுத்தால் ஒரு எண், அடியிலிருந்து எடுத்தால் வேறு எண். இரண்டும் சரியாக அளந்த எண்கள்தான். ஆனால் இரண்டு வேறு பொருள்களை அளந்திருக்கிறீர்கள்.

இதை இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம், இயந்திரமே வேண்டாம். பாக்கெட்டின் மேலிருந்து ஒரு சிட்டிகை, அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் பரப்புங்கள். கையில் ஒரு லென்ஸ் இருந்தால் நல்லது. ஒன்று வெளிர் நிறத்தில் நாராகவும், இன்னொன்று கரும்பச்சையில் மாவாகவும் தெரிந்தால் உங்கள் 22 சதவீதத்தில் பெரும்பங்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதற்குத் தீர்வு பழைய முறைதான். மொத்தப் பொடியையும் பெரிய தாளில் கொட்டி, நன்றாகக் கலந்து, கூம்பாகக் குவித்து, உச்சியை அழுத்தித் தட்டையாக்கி, நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு கால்பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். மீதியைத் திரும்பக் குவித்து மறுபடி நான்காகப் பிரியுங்கள். 10, 15 கிராம் வரும் வரைக்கும் இப்படியே போகலாம். அந்தப் 10 கிராமை முழுவதும் 40 மெஷ் சல்லடையில், அதாவது ஏறத்தாழ 425 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில், இறங்கும் வரை அரையுங்கள்.

முழுவதும் என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சல்லடையில் நின்றதைக் குப்பையில் கொட்டிவிட்டு, இறங்கியதை மட்டும் எடுத்து அளந்திருக்கிறேன். எண்கள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போயின. மூத்தவர் ஒருவர் வந்து, "மேலே நின்றது எவ்வளவு எடை?" என்று கேட்டார். நிறுத்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு. அத்தனையும் தண்டு நார். அதாவது, நான் தண்டை நீக்கிய பொடியை அளந்துவிட்டு, முழுச் செடியின் பொடிக்கு அந்த எண்ணை எழுதியிருந்தேன். எல்லா எண்ணும் ஒன்றாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அன்று முதல் சல்லடையில் நிற்பதைத் திரும்ப அரவையில் போட்டு, கடைசி நார் இறங்கும் வரை விடுவதில்லை.

அடுத்தது சாறு எடுப்பது. அரை மணி நேரம், ஒரே தடவை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வந்தது? வேறொரு ஆய்வுக் கட்டுரையிலிருந்து என்றால், அது அவர்களுடைய பொடிக்கு, அவர்களுடைய சோனிகேட்டருக்குப் பொருந்திய நேரம். உங்கள் பொடிக்கு அது போதுமா என்று சக்கையைத்தான் கேட்க வேண்டும். முதல் சாற்றை எடுத்த பிறகு சக்கையைக் கொட்டாதீர்கள். புது மெத்தனால் ஊற்றி மறுபடி எடுங்கள். அதைத் தனியாகச் செலுத்துங்கள். மூன்றாவது தடவையும் அப்படியே. உதாரணத்துக்கு முதல் சாற்றில் 13 மில்லிகிராம், இரண்டாவதில் 2.4, மூன்றாவதில் 0.2 என்று வந்தால் உங்கள் பொடிக்கு இரண்டு தடவை எடுப்பது கட்டாயம், மூன்றாவது தேவையில்லை என்று புரிந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சக்கை ஈரமாக இருக்கும். 50 மி.லி.யில் 3 மி.லி. சக்கையோடு ஒட்டிக்கொண்டால், வெளியே வந்துவிட்ட ஆண்ட்ரோகிராஃபோலைடில் 6 சதவீதம் அந்த ஈரத்தில் இருக்கிறது. சரியாக 50 மி.லி. ஊற்றி, மூடி வைத்து, தெளிந்ததிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலுத்துகிறீர்கள் என்றால் இது பாதிக்காது. செறிவு எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் வடிகட்டிவிட்டு, வந்த திரவத்தில் மெத்தனால் சேர்த்து 50 மி.லி.க்கு நிரப்புகிறீர்கள் என்றால், சக்கையை இரண்டு மூன்று தடவை மெத்தனால் விட்டுக் கழுவி அந்தக் கழுவலையும் சேர்க்காத வரை அந்த 6 சதவீதம் போய்விடும். நீங்கள் இரண்டில் எதைச் செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. மூன்று நாளும் ஒரே மாதிரிதான் செய்தீர்களா என்று குறிப்பேட்டைப் பாருங்கள்.

சோனிகேட்டர் தொட்டியில் கைவைத்துப் பார்த்திருப்பீர்கள். அரை மணி நேரம் ஓடினால் தண்ணீர் நன்றாகவே சூடாகிவிடும். மெத்தனால் சூட்டில் விரியும். 20 டிகிரி ஏறினால் கன அளவு 2 முதல் 3 சதவீதம் கூடும். மூடி தளர்ந்திருந்தால் ஆவியாகவும் போகும். ஒன்று கூட்டும், மற்றது குறைக்கும், எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால் சூடாக இருக்கும்போது குடுவையின் அளவுக்கோடு பார்த்து நிரப்பாதீர்கள். குடுவை அறை வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் கடைசிச் சொட்டு. நேரம் நெருக்கும்போது எல்லோரும் தாண்டிப்போகும் படி இதுதான்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்த இன்னொரு விஷயம். ஸ்டாண்டர்ட் கோடு 200 மைக்ரோகிராமில் முடிகிறது. சாற்றை நீர்க்காமல் அப்படியே செலுத்தினேன் என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 கிராம் பொடியில் 1.6 சதவீதம் என்றால் 16 மில்லிகிராம். அது 50 மி.லி.யில் கரைந்தால் ஒரு மி.லி.க்கு 320 மைக்ரோகிராம். 1.2 சதவீதத்துக்கு 240, 1.9 சதவீதத்துக்கு 380. மூன்றுமே உங்கள் கோட்டுக்கு வெளியே! கோடு 200 வரை நேராகப் போனது என்றுதான் நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். அதற்கு அப்பால் அது நேராகப் போகிறதா, வளைகிறதா என்று பார்க்கவே இல்லை. டிடெக்டருக்கும் (பொருள் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்கும் பகுதி) ஓர் எல்லை உண்டு. ஒளி உறிஞ்சல் மிக அதிகமானால் பீக்கின் உச்சி மழுங்கி, பரப்பு குறைத்துக் காட்டும்.

ஆகவே நீர்க்க வேண்டும். சாற்றில் 5 மி.லி. எடுத்து 25 மி.லி.க்கு நிரப்பினால் 64 மைக்ரோகிராம் பக்கத்தில் வரும். கோட்டின் நடுவே வசதியாக உட்காரும். நீர்க்கும்போது மெத்தனாலுக்குப் பதில் மொபைல் ஃபேஸையே (தூண் வழியாக ஓடும் கரைப்பான் கலவை) பயன்படுத்துங்கள். சுத்த மெத்தனாலில் கரைந்த மாதிரியை, தண்ணீர் அதிகமுள்ள மொபைல் ஃபேஸுக்குள் 20 மைக்ரோலிட்டர் செலுத்தினால், பீக் முன்பக்கம் சாய்ந்தோ இரண்டாகப் பிளந்தோ வருவது உண்டு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

நீர்த்ததும் குடுவையைக் கவனியுங்கள், கலங்கும். இலைச் சாற்றில் இருக்கும் பச்சையமும் மெழுகும் தண்ணீர் பட்டதும் வெளியே வந்துவிடும். அதனால் 0.45 மைக்ரான் சிரிஞ்சு ஃபில்டரில் வடிப்பது நீர்த்த பிறகுதான் இருக்க வேண்டும், முன்னால் அல்ல. முன்னால் வடித்துவிட்டுப் பிறகு நீர்த்தால் அந்தக் கலங்கல் நேராகத் தூணின் தலையில் போய் அடைக்கும். வடிக்கும்போது முதல் 1 மி.லி.யைக் கொட்டிவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். ஃபில்டர் படலம் முதலில் கொஞ்சம் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னால் எப்போதாவது பாலிஃபீனால் உள்ள வேறு செடிக்கு மாறினீர்கள் என்றால் நைலான் ஃபில்டரில் கூடுதல் கவனம் வேண்டும். அது பாலிஃபீனாலை நன்றாகவே பிடித்துக்கொள்ளும்.

பச்சையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1906-இல் ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட் இந்த முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயர் வைத்தபோது, கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து அவர் பிரித்தது இலையின் நிறமிகளைத்தான். பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகப் பிரிந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது. அவர் தேடிப் போன அதே பச்சையம் இன்று நமக்குத் தலைவலி. அது சி18 தூணில் (எண்ணெய்த்தன்மை உள்ள பொருள்களை இழுத்துப் பிடிக்கும் வகை) ஒட்டிக்கொண்டு இறங்காது. நாளடைவில் அழுத்தம் ஏறும், பீக் வரும் நேரம் நகரும். தினமும் ஓட்டம் முடிந்ததும் மெத்தனால் அல்லது அசிட்டோநைட்ரைல் அதிகமாக விட்டு அரை மணி நேரமாவது கழுவுங்கள். முன்னால் ஒரு கார்டு தூண், அதாவது பெரிய தூணைக் காக்கும் சின்னத் தூண், போட்டுக்கொள்ளுங்கள். தூண் வெப்பநிலையையும் நிலையாக வையுங்கள்.

சரி, ஆர் ஸ்கொயருக்கு வருவோம். 0.9992 என்று நீங்கள் பெருமையோடு எழுதியிருப்பது தெரிகிறது, அதில் தவறில்லை. ஆனால் அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: புள்ளிகள் ஒரே கோட்டில் இருக்கின்றன. கோடு சரியான இடத்தில் இருக்கிறதா என்று அது சொல்லாது. நீங்கள் 10 மில்லிகிராம் ஸ்டாண்டர்ட் எடுத்ததாக நினைத்து உண்மையில் 9 மில்லிகிராம் எடுத்திருந்தால், அந்த ஒரே கரைசலிலிருந்து நீர்த்த ஐந்து புள்ளிகளும் சேர்ந்தே நகரும். கோடு அப்போதும் பளிச்சென்று நேராக இருக்கும், ஆர் ஸ்கொயர் அப்போதும் 0.9992, உங்கள் விடை மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் தள்ளிப் போயிருக்கும்.

அப்படி நடக்குமா என்றால், தராசின் முன் உட்கார்ந்து பாருங்கள். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் 5 மில்லிகிராம் எடுத்தால், கடைசி இலக்கம் ஒன்று ஆடினாலே 2 சதவீதம். ஏ.சி. காற்று தட்டில் பட்டால் இலக்கம் இரண்டு மூன்று ஆடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஸ்டாண்டர்ட் குப்பியை உடனே திறந்தால் ஈரம் உள்ளே படியும். அதையும் சேர்த்துத்தான் நிறுப்பீர்கள். குப்பியை அறை வெப்பநிலைக்கு வரவிட்டுப் பிறகு திறங்கள். கொஞ்சம் அதிகமாக எடுங்கள், இல்லையென்றால் 0.01 மில்லிகிராம் காட்டும் தராசைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டாண்டர்டை இரண்டு தடவை தனித்தனியாக நிறுத்து, இரண்டு தனிக் கரைசல் தயாரியுங்கள். ஒவ்வொன்றிலும் பீக்கின் பரப்பைச் செறிவால் வகுத்துப் பாருங்கள். இரண்டும் 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் அன்றைக்கு மாதிரியைத் தொடவே தொடாதீர்கள். லேபிளில் 98 சதவீதம் தூய்மை என்று போட்டிருந்தால் கணக்கில் 0.98 ஆல் பெருக்க மறக்க வேண்டாம். அந்த 98 எச்.பி.எல்.சி.யில் பார்த்த பீக் பரப்பின் சதவீதம் மட்டும் என்றால், உள்ளே இருக்கும் ஈரமும் கரைப்பானும் அதில் சேராது. கூட வரும் சான்றிதழில் அதைத் தனியாகப் பாருங்கள்.

முறை சரிதானா என்று காட்ட, மருந்துத் துறையில் எல்லோரும் பின்பற்றும் ஐ.சி.எச். கியூ2 வழிகாட்டி, கோட்டுக்குக் குறைந்தது 5 செறிவுகள் கேட்கிறது. திரும்பத் திரும்ப ஒரே விடை வருகிறதா என்று பார்க்க, வழக்கமாக அளக்கும் செறிவில் 6 தடவை, அல்லது 3 செறிவுகளில் மும்மூன்று என்று 9 தடவை. மீட்சிச் சோதனையும் செய்யச் சொல்வார்கள்: அளந்து முடித்த பொடியில் தெரிந்த அளவு ஸ்டாண்டர்டைச் சேர்த்து, சேர்த்தது திரும்ப வருகிறதா என்று பார்ப்பது. செய்யுங்கள். ஆனால் அதில் 99 சதவீதம் வந்ததும் சாறு முழுவதும் இறங்கிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். நீங்கள் சேர்த்த ஸ்டாண்டர்ட் பொடியின் மேலே ஒட்டிக்கொண்டு இருக்கிறது, மெத்தனால் பட்டதும் கரைந்துவிடும். செடியின் சொந்த ஆண்ட்ரோகிராஃபோலைடு செல்லுக்குள் இருக்கிறது. அது வந்ததா என்று சொல்ல, முன்னால் சொன்ன சக்கைச் சோதனை ஒன்றுதான் வழி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட ஆய்வேடுகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

இப்போது வித்தியாசம் எங்கே நுழைகிறது என்று பிடிக்கும் முறை. ஒரே நாளில், ஒரே ஸ்டாண்டர்டை வைத்து, இந்த மூன்றையும் செய்யுங்கள். ஒரு குப்பியிலிருந்து 6 தடவை செலுத்துங்கள். இது இயந்திரத்தின் பங்கு. பிறகு, கூம்பாக்கிப் பிரித்து நன்றாக அரைத்த பொடியிலிருந்து 6 தனி எடை எடுத்து, 6 தனிச் சாறு. இது சாறு எடுப்பதின் பங்கு. கடைசியாக, கலக்காத பழைய பாக்கெட்டின் ஆறு வெவ்வேறு இடங்களிலிருந்து, மேலே, நடுவே, அடியில் என்று எடுத்து, 6 சாறு. பாக்கெட்டின் பங்கு இதில் தெரியும். அப்புறம் இன்னொரு நாள் இரண்டாவதை மட்டும் திரும்பச் செய்தால் நாளுக்கு நாள் வரும் வித்தியாசமும் கிடைத்துவிடும்.

மூன்று ஆர்.எஸ்.டி.யையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் முதலாவதின் பங்கும், மூன்றாவதில் முதல் இரண்டின் பங்கும் அடங்கியிருக்கும், வர்க்கத்தில் கழித்தால் தனிப் பங்கு கிடைக்கும். தனிப் பங்குகள் நேராகக் கூடாது, வர்க்கமாகக் கூடும். ஓர் உதாரணம்: இயந்திரம் 0.5, சாறு 3, பாக்கெட் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வர்க்கங்கள் 0.25, 9, 144. கூட்டினால் 153.25, அதன் வர்க்கமூலம் 12.4. இயந்திரத்தின் பிழையை அடியோடு ஒழித்தாலும் விடை 12.4 தான்! பாக்கெட்டின் 12-ஐ மட்டும் 6 ஆக்கினால் மொத்தம் 6.7-க்கு இறங்கிவிடும். தாளும் சல்லடையும் ஒரு மணி நேரமும் கொடுத்தது, புது இயந்திரம் வாங்கினாலும் கிடைக்காது. இதனால்தான் ஒரே குப்பியை ஐந்து தடவை செலுத்தி ஒரே எண் வந்ததில் நீங்கள் அடைந்த நிம்மதி எனக்குக் கவலை தருகிறது.

கணக்கில் ஈரப்பதமும் சேர வேண்டும். பொடியில் ஈரம் நாளுக்கு நாள் மாறும், அதனால் சாறு எடுக்கும் அதே நாளில் இன்னொரு கொஞ்சத்தை 105 டிகிரியில் எடை நிலைக்கும் வரை உலர்த்தி ஈரத்தைக் கண்டுபிடியுங்கள். சாற்றுக்கு எடுக்கும் பொடியை அந்தச் சூட்டில் உலர்த்தாதீர்கள். நீர்த்த கரைசலில் 62 மைக்ரோகிராம் வந்தது என்று வைத்துக்கொண்டால்: 62 பெருக்கல் 5 பெருக்கல் 50, ஆக 15,500 மைக்ரோகிராம், அதாவது 15.5 மில்லிகிராம். எடுத்த பொடி 1 கிராம் என்றால் 1.55 சதவீதம். பொடியில் 9 சதவீதம் ஈரம் இருந்தால் உலர்ந்த எடைக்கு 1.55-ஐ 0.91 ஆல் வகுத்து 1.70 சதவீதம். இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று எழுதாத எண்ணை வேறு எவரோடும் ஒப்பிட முடியாது.

உங்கள் இரண்டாவது கேள்வி, வளரும் அந்தச் சின்ன பீக். எனக்குத் தோன்றுவது 14-டிஆக்சி-11,12-டைடீஹைட்ரோஆண்ட்ரோகிராஃபோலைடு. பெயர் நீளம், ஒரு மூலக்கூறு தண்ணீரை இழந்த ஆண்ட்ரோகிராஃபோலைடு என்று புரிந்துகொண்டால் போதும். வைத்திருக்கும்போது ஆண்ட்ரோகிராஃபோலைடு இப்படி மாறுவது தெரிந்த விஷயம். படிகமாக இருக்கும்போது அது உறுதியாக நிற்கும், படிகமில்லாத நிலையில் எளிதில் மாறும். சி18 தூணில் இந்தப் பொருள் ஆண்ட்ரோகிராஃபோலைடுக்குப் பிறகுதான் வரும். நீங்கள் பார்த்த பீக்கும் பின்னால்தான் வந்திருக்கிறது.

ஆனால் வரும் நேரம் பொருந்துவது மட்டும் அடையாளம் ஆகாது. உங்கள் இயந்திரத்தில் நிறமாலை முழுவதையும் பதியும் பி.டி.ஏ. டிடெக்டர் இருந்தால் இரண்டு பீக்குகளின் நிறமாலையையும் எடுத்துப் பாருங்கள். ஆண்ட்ரோகிராஃபோலைடு 225 நானோமீட்டர் பக்கத்தில் உச்சம் காட்டும், மற்றது 250 பக்கத்தில். இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்படியே பெரிய பீக்கின் ஏறுமுகம், உச்சி, இறங்குமுகம் மூன்று இடத்திலும் நிறமாலை ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் அதற்குள் வேறொன்று ஒளிந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து பீக்குகளுக்கு இடையே ரெசல்யூஷன், அதாவது அவை பிரிந்து நிற்கும் அளவு, 1.5-க்கு மேல் இருந்தால்தான் பரப்பை நம்பலாம்.

உச்சம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், 225-இல் எடுத்த இரண்டு பரப்புகளையும் நேராக ஒப்பிட்டு, இவ்வளவு குறைந்து இவ்வளவு கூடியது என்று எழுத முடியாது. சம எடை எடுத்தாலும் இரண்டும் சம பரப்பு தராது. அந்தப் பொருளுக்கும் தனி ஸ்டாண்டர்ட் வாங்கித் தனிக் கோடு போட வேண்டும். அதுவரை, ஆண்ட்ரோகிராஃபோலைடின் குறைவை மட்டும் எண்ணாகச் சொல்லி, வளர்ந்த பீக்கைப் படமாகக் காட்டுங்கள். பழைய பொடி மிச்சம் இருக்கும் அல்லவா? அதைக் காற்றுப் புகாத குப்பியில் போட்டு, இன்றைய தேதி எழுதி, ஃப்ரீசரில் வையுங்கள். ஸ்டாண்டர்ட் வந்து சேரும்போது அது இன்னும் கொஞ்சம் மாறிப்போயிருக்கக் கூடாது.

ஆய்வேட்டில் எண்ணை எழுதும்போது மென்பொருள் தரும் நான்கு தசமத்தையும் எழுதாதீர்கள். "உலர்ந்த எடைக்கு 1.70 ± 0.05 சதவீதம், 6 தனிச் சாறுகள்" என்பது போல, எத்தனை சாறு, எந்த எடைக்கு, எவ்வளவு விலகல் என்பது எண்ணோடு சேர்ந்தே இருக்கட்டும். முதலில் வந்த 1.9, 1.2, 1.6 மூன்றையும் குறிப்பேட்டில் அடிக்காமல் அப்படியே விடுங்கள். பக்கத்தில், கோட்டுக்கு வெளியே செலுத்தியவை, பொடி கலக்காதது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். நெறியாளரிடம் போகும்போது அந்தப் பக்கத்தையும் புது எண்களையும் ஒன்றாகக் காட்டுங்கள். சராசரியைப் பற்றி அவரே வேறு விதமாகப் பேசுவார் என்று நினைக்கிறேன்.